வயல் மீனும் வலிக்காத ஈரலும்... தாய்லாந்தின் இசான் கிராமங்களில் ஒரு பயணம்!

மழையை நம்பி ஒரு போகம் நெல், வயலோரக் குட்டையில் மீன், வீட்டு வாசலில் கோழி, வாத்து... பார்த்தால் நம்ம ஊர் மாதிரியே இருக்கும் சீமை. ஆனால், அந்த வயல் மீனைப் பச்சையாகச் சாப்பிடும் பழக்கத்தால் உலகிலேயே அதிகமாகப் பித்தநாளப் புற்றுநோய் தாக்கும் பகுதியும் அதுதான். அறுவடைக் காலத்தில் அங்கே போய் வந்த அனுபவம் இது.

தாய்லாந்தின் தலைநகர் பாங்காக்கிலிருந்து வடகிழக்கே சுமார் 450 கிலோமீட்டர் போனால் கோன் கேன் நகரம். போகிற நெடுஞ்சாலைக்குப் பெயர் ‘மித்ரபாப்’. நட்பு என்று பொருள். நம் ‘மித்திரன்’ என்ற சொல்தான் அங்கே சாலைக்குப் பெயராக நிற்கிறது. சராபுரியைத் தாண்டியதும் சாலை மேடேறி, கோராட் மேட்டுநிலத்துக்குள் நுழைகிறது. இங்கிருந்து தொடங்குவதுதான் இசான். மொத்தம் 20 மாகாணங்கள். நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இங்கேதான் இருக்கிறார்.

மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் விவசாயிக்குச் சங்கதி புரிந்துவிடும். மணல் கலந்த, சத்துக் குறைந்த மண். தண்ணீர் நிற்காது. அடியில் உப்புப் பாறை இருப்பதால், கோடையில் பல இடங்களில் வயல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்குமாம். பெரும்பாலான நிலத்துக்குப் பாசனம் கிடையாது. மே, ஜூனில் மழை இறங்கினால் நடவு, நவம்பரில் அறுப்பு. மல்லிகை வாசம் வீசும் அரிசியை விற்பனைக்கும், ஒட்டிக்கொள்ளும் பசையரிசியை வீட்டுக்கும் விளைவிக்கிறார்கள். பசையரிசியை மூங்கில் கூம்பில் ஆவியில் வேகவைத்து, மூடி போட்ட சின்ன மூங்கில் கூடையில் அடைத்து வயலுக்கு எடுத்துப்போகிறார்கள். கரண்டி வேண்டாம். நம்மைப் போலவே கையால் உருட்டி, தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

தொட்டுக்கொள்ளத்தான் மீன்.

வரப்பில் ஒரு விருந்து

மழைக்காலத்தில் ஆறும் ஏரியும் பெருகி, மீன்கள் வயலுக்குள் ஏறிவிடுகின்றன. வயலின் பள்ளமான மூலையில் ஒரு குட்டை வெட்டி வைத்திருக்கிறார்கள். மழை ஓய்ந்து வயல் நீர் வடியும்போது மீனெல்லாம் அந்தக் குட்டைக்குள் வந்து சேரும். காசு கொடுக்காமல் கிடைக்கிற புரதம். ஏழை விவசாயிக்கு இது பெரிய சொத்து.

அறுப்பு நாளில் நாலு பேர் சேர்ந்தால், குட்டையில் வலை வீசி, கையளவு வெள்ளை மீன்களைப் பிடித்து, அங்கேயே செதில் உரசி, முள்ளோடு பொடிப்பொடியாகக் கொத்துகிறார்கள். எலுமிச்சைச் சாறு, மிளகாய்த்தூள், வறுத்து இடித்த அரிசி மாவு, மீன் சாறு, புதினா, வெங்காயத்தாள் போட்டுப் பிசைந்தால் ‘கோய் பிளா’ தயார். அடுப்பே பற்றவைப்பதில்லை. பக்கத்தில் அரிசிச் சாராயம் இருந்தால் விருந்து களைகட்டிவிடும். எலுமிச்சையின் புளிப்பும் மிளகாயின் காரமும் சாராயமும் எந்தக் கிருமியையும் கொன்றுவிடும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை.

இதைத் தவிர, மீனை உப்பும் சோறும் போட்டுச் சில நாள் மட்டும் புளிக்கவைக்கும் ‘பிளா சோம்’ உண்டு. மண்ஜாடியில் உப்போடு மாதக்கணக்கில் ஊறும் ‘பிளா ரா’ உண்டு. நல்ல உப்பில் பல மாதம் ஊறிய பிளா ராவில் புழுக்குஞ்சு பிழைப்பதில்லை. கோய் பிளாவிலும், அரைகுறையாகப் புளித்த மீனிலும்தான் ஆபத்து.

நத்தை, மீன், மனிதன்... மூன்று வீட்டுக் குடித்தனம்!

மாடு, ஆடு வளர்ப்பவர்களுக்குத் தட்டைப்புழு தெரியும். வாய்க்கால் ஓரம், குளத்துக்கரையில் மேய்ந்த ஆட்டுக்குத் தாடை வீங்கித் தொங்கும், மெலிந்துகொண்டே போகும், அறுத்துப் பார்த்தால் ஈரலுக்குள் இலை மாதிரிப் புழு. அந்தப் புழுவுக்கு ஒன்றுவிட்ட உறவுதான் இசானின் கல்லீரல் புழு. நம் ஆட்டுப்புழு புல்லில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறது. இசான் புழு மீனுக்குள் ஒளிந்துகொண்டு மனிதனுக்குள் போகிறது.

பயணம் இப்படித்தான் நடக்கிறது. புழு இருக்கும் மனிதரின் மலத்தோடு அதன் முட்டைகள் வெளியேறுகின்றன. மழைநீர் அவற்றை வயலுக்கும் ஏரிக்கும் அடித்துச் செல்கிறது. ‘பித்தீனியா’ என்ற பொடி நத்தை, சேற்றோடு முட்டையையும் தின்கிறது. நத்தைக்குள் ஒன்று பலவாகப் பெருகி, வால் முளைத்த குஞ்சுகளாக நீரில் நீந்துகின்றன. கெண்டை இன மீன் அந்தப் பக்கம் வந்தால் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய், கூடு கட்டி உட்கார்ந்துவிடுகின்றன. அந்த மீனைப் பச்சையாகச் சாப்பிட்டால், குடலில் கூடு உடைந்து, பித்தம் இறங்கும் வழியாகவே எதிரேறிப் பித்தநாளத்துக்குள் போய்க் குடியேறுகின்றன. சுமார் ஒரு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். முழுதாக வளர்ந்தாலும் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். ஆயுளோ பத்து ஆண்டுகளுக்கும் மேல்!

மீன் கழிவைத் தின்னும் பூனைகளுக்கும் இந்தப் புழு வருகிறது. நாய்க்கும் வரும், ஆனால் குறைவு. ஆக, மனிதன் ஒருவனைக் குணப்படுத்தினாலும் சங்கிலி அறுந்துவிடுவதில்லை.

தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நாடுகளில் சுமார் ஒரு கோடிப் பேரின் உடம்பில் இந்தப் புழு இருப்பதாகக் கணக்கு சொல்கிறார்கள். 2009-ம் ஆண்டு தாய்லாந்து முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் 100 பேரில் 8.7 பேருக்கும், வடகிழக்கில் மட்டும் 16.6 பேருக்கும் புழு இருந்தது. 1994-ம் ஆண்டிலேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி’ என்ற முதல் பட்டியலில் இந்தப் புழுவைச் சேர்த்துவிட்டது. புகையிலை இருக்கும் அதே பட்டியல்!

புழு கடிப்பதால் மட்டும் புற்று வருவதில்லை. வருடக்கணக்கில் புழு உரசி உரசிப் பித்தநாளத்தின் உட்சுவர் புண்ணாகிறது. உடம்பு அதை ஆற்றுகிறது. மறுபடியும் புண், மறுபடியும் ஆற்றல். நாளத்தைச் சுற்றித் தழும்பு தடித்துக்கொண்டே போகிறது. 20, 30 வருடம் கழித்து, சிலருக்கு அந்த இடத்தில் புற்று முளைக்கிறது.

ஈரல் ஏன் சொல்வதில்லை?

கோன் கேனுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வீட்டுத் திண்ணையில் பட்டு நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கடைசி அறுப்பு வரைக்கும் மூட்டை தூக்கிய மனிதர். முதலில் உடம்பெல்லாம் அரிப்பு. பிறகு சிறுநீர் தேநீர் நிறத்தில் போனது, மலம் வெளுத்தது, கண் மஞ்சளானது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். ஆறு மாதம்கூட இல்லை. இப்போது நிலம் கொழுந்தனாரிடம் குத்தகைக்கு; மகன் பாங்காக்கில் கட்டட வேலைக்கு. ‘வலி இருந்திருந்தா முன்னாடியே போயிருப்போம்’ என்று அவர் சொன்னதை, கூட வந்த வேளாண் கல்லூரி மாணவர் மொழிபெயர்த்தார்.

இந்த நோயின் கொடுமையே அதுதான். ஈரலின் உள்ளே வலியைச் சொல்லும் நரம்பு கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் உறை இழுபட்டால்தான் வலி தெரியும். புழு பத்து வருடம் குடியிருந்தாலும், தழும்பு தடித்தாலும், புற்று முளைத்தாலும் ஈரல் வாய் திறக்காது. மஞ்சள் காமாலை வந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரியும். அதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடும்.

சொல்லாத ஈரலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் கிராமத்துக்கே ஸ்கேன் மெஷின் வருகிறது.

கோயில் மண்டபத்தில் ஒரு ஸ்கேன் முகாம்

கோன் கேன் பல்கலைக்கழகம் 2013-ம் ஆண்டு, பித்தநாளப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. முன்நின்றவர்களில் ஒருவர் அறுவை சிகிச்சை மருத்துவர் நரோங் குந்திகியோ. அவரும் இசான் மண்ணில் பிறந்தவர். தாய், தந்தை இருவரையும் இதே நோய்க்குப் பறிகொடுத்தவர். 40 வயதைத் தாண்டி, பச்சை மீன் சாப்பிட்ட பழக்கமோ, புழு இருந்த வரலாறோ உள்ளவர்களை அழைத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்கிறார்கள். லட்சக்கணக்கானவர்களைப் பார்த்திருக்கிறார்கள்.

நாங்கள் போன முகாம் ஒரு புத்தர் கோயிலின் திறந்த மண்டபத்தில் நடந்தது. முந்தின இரவோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றோடு வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும். சரியாகப் பார்க்க முடியாது. பெயர் எழுதுவது, எடை பார்ப்பது, வயதானவர்களைக் கைபிடித்துக் கூட்டி வருவது எல்லாம் கிராம சுகாதாரத் தொண்டர்கள். இப்படி நாடு முழுக்கப் பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். மருத்துவர் சொல்லிக் கேட்காத ஆளும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் கேட்பார் இல்லையா!

மெஷின் மடிக்கணினி அளவுதான். வெளிச்சம் படாமல் துணி கட்டி மறைத்திருந்தார்கள். வலது விலாவின் கீழே குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை அழுத்தி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார் மருத்துவர். கருவியிலிருந்து நம் காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய், பட்டுத் திரும்பும் எதிரொலிதான் திரையில் படமாகிறது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. ஒரு ஆளுக்குச் சில நிமிடம்.

நல்ல ஈரல் திரையில் பரம்படித்த வயல் மாதிரி ஒரே சீரான சாம்பல் நிறத்தில் தெரிகிறது. நடுவே ரத்தக்குழாய்கள் கறுப்பு வாய்க்கால்களாக ஓடுகின்றன. பக்கத்தில் ஓடும் பித்தநாளங்கள் நூல் மாதிரி, கண்ணுக்கே தெரிவதில்லை. புழு நெடுநாள் குடியிருந்த ஈரலில், அந்த வாய்க்கால் கரைக்குச் சிமென்ட் பூசியது மாதிரி வெள்ளைக் கோடுகள் தடித்துத் தெரிகின்றன. அதுதான் தழும்பு. பித்தப்பை பெருத்து, உள்ளே வண்டல் படிந்திருக்கும். இன்னும் மோசமானால், கீழ்மடை அடைபட்டு மேல்வாய்க்கால் பொங்கி விரிவது மாதிரி, நாளங்கள் விரிந்து கறுப்பாகத் தெரியும். எங்கேயோ அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்கேனில் பெரும்பாலும் புழு தெரியாது. புழு செய்த காயம்தான் தெரியும். புழு இருக்கிறதா என்று பார்க்க மலத்தில் முட்டை தேட வேண்டும். சிறுநீரிலேயே கண்டுபிடிக்கும் சோதனையையும் கோன் கேன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியிருக்கிறார்கள்.

தழும்பு உள்ளவர்களை ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை திரும்பப் பார்க்கிறார்கள். கட்டி என்று சந்தேகம் வந்தால் பல்கலைக்கழக மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன். எம்.ஆர்.ஐ. படத்தில் பித்தமே வெள்ளையாக ஒளிவிட, நாளங்கள் எல்லாம் இலை உதிர்ந்த மரம் மாதிரி கிளைகிளையாகத் தெரியும். எந்தக் கிளையில் அடைப்பு என்று விரல் வைத்துக் காட்டலாம். ஈரல் வாசலில் உள்ள நிணநீர்க் கட்டிகளுக்கோ, வயிற்று உறைக்கோ, நுரையீரலுக்கோ புற்று பரவியிருக்கிறதா என்பதை சி.டி. ஸ்கேன் சொல்லும். பரவாமல் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், அந்தப் பகுதியை வெட்டியெடுக்கலாம். மிச்ச ஈரல் மறுபடியும் வளர்ந்துகொள்ளும். பரவிவிட்டால் கத்திக்கு வேலை இல்லை. அந்த அம்மாவின் கணவருக்கு நடந்தது அதுதான். ஒரு குடும்பம் நிலத்தில் நிற்பதா, நிலத்தைக் குத்தகைக்கு விடுவதா என்பதை முடிவு செய்வது, அந்தப் படம் எந்த வருடம் எடுக்கப்பட்டது என்பதுதான்.

மாத்திரை தந்த தைரியம்

புழுவைக் கொல்ல மாத்திரை இருக்கிறது. ‘பிரசிகுவான்டல்’ என்று பெயர். உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் கணக்கில், மருத்துவர் மேற்பார்வையில் ஒரே வேளை. புழு செத்துவிடும். பலருக்குத் தழும்பும் மெள்ளக் குறைகிறது. சிலருக்குக் குறைவதில்லை, அவர்களைத்தான் அதிகமாகக் கண்காணிக்கிறார்கள்.

ஆனால், மாத்திரை ஒரு தைரியத்தையும் தந்துவிட்டது. ‘சாப்பிடுவோம், வருஷத்துக்கு ஒரு மாத்திரை போட்டுக்குவோம்’ என்று பலர் கோய் பிளாவை விடவில்லை. மாத்திரை பழைய புழுவைக் கொல்லுமே தவிர, நாளைக்குச் சாப்பிடப்போகும் மீனிலுள்ள புழுவைத் தடுக்காது. மறுபடியும் மறுபடியும் தொற்றி, மறுபடியும் மறுபடியும் மாத்திரை போடுபவர்களுக்குப் புற்று அபாயம் கூடுதல் என்றே ஆய்வுகள் சுட்டுகின்றன. பூச்சிமருந்தை நம்பி, களத்துச் சுத்தத்தைக் கைவிட்ட கதைதான்!

இன்னொரு ஓட்டை, கழிப்பறை. தாய்லாந்து கிராமங்களில் வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்து பல காலம் ஆகிறது. ஆனால், தொட்டி நிரம்பியதும் லாரியில் உறிஞ்சி எடுத்து, வயலிலும் ஓடையிலும் கொட்டுவது நடக்கிறது. முட்டை மறுபடியும் நத்தையிடமே போய்ச் சேருகிறது. கழிப்பறை கட்டினால் மட்டும் போதாது. கழிவு கடைசியில் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

லாவா ஏரி சொல்லும் பாடம்

கோன் கேன் மாகாணத்தில், பட்டு நெசவுக்குப் பேர்போன சொனபோட் வட்டாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது லாவா ஏரி. சுற்றிலும் மீன்பிடிக் கிராமங்கள், நெல் வயல்கள். 2007-ம் ஆண்டு, பேராசிரியர் பஞ்சோப் ஸ்ரீபா தலைமையில் இங்கே ஒரு முயற்சி தொடங்கியது. அப்போது அந்தக் கிராமங்களில் சராசரியாகப் பாதிப்பேருக்குப் புழு இருந்தது. ஏரியின் சில மீன் இனங்களில் 70 சதவிகிதம் வரை குஞ்சுகள் இருந்தன.

அவர்கள் மாத்திரையோடு நிற்கவில்லை. மனிதருக்கு மருந்து கொடுத்த அதே நேரத்தில் பூனைக்கும் நாய்க்கும் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நத்தையையும் மீனிலுள்ள குஞ்சையும் நுண்ணோக்கியில் காட்டினார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேள்வி கேட்டார்கள். சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாகப் போய், சமையலறையில் நின்று பேசினார்கள். கோய் பிளாவை விடச் சொல்லவில்லை. அதே மீனை, அதே மசாலாவோடு வேகவைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் மனிதரில் தொற்று மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஏரி மீனில் ஒரு சதவிகிதத்துக்கும் கீழே வந்தது. தொற்றுள்ள நத்தை தேடினாலும் கிடைக்கவில்லை.

ஏரிக்கரை உணவுக்கடையில் நாங்கள் சாப்பிட்டதும் வெந்த மீன்தான். எலுமிச்சை, வறுத்த அரிசி மாவு, புதினா எல்லாம் இருந்தது. ருசிக்கு ஒரு குறையும் இல்லை.

ஸ்கேன், ஏற்கெனவே அடிபட்டவரைக் காப்பாற்றுகிறது. அடுத்த தலைமுறையைக் காப்பாற்றுவது அடுப்பும், கழிவுத்தொட்டியும்தான். இரண்டும் சேர்ந்த ஊரில்தான் நோய் குறைகிறது.

வாசகர்களுக்கு எழக்கூடிய கேள்விகள்...

நம் குளத்து மீனைச் சாப்பிடப் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். குழம்பிலும் வறுவலிலும் மீன் முழுதாக வெந்துவிடுவதால் இந்த வகைக் குஞ்சுகள் பிழைக்காது. அரைவேக்காடாக மட்டும் சாப்பிடாதீர்கள்.

எலுமிச்சை, வினிகர், ஃப்ரிட்ஜ்... இவை புழுவைக் கொல்லுமா?

எலுமிச்சையும் வினிகரும் கொல்லாது. மைனஸ் 20 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைத்தால் சாகும். வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் அந்தக் குளிர் நிலையாகக் கிடைக்காது. அடுப்புதான் நம்பகமான வழி.

ஆட்டு ஈரலில் இருக்கும் தட்டைப்புழுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ஆனால், அதற்கும் நத்தைதான் இடைத்தரகர். நத்தை மண்டிய ஈரமான கரையில் ஆடு, மாடுகளை மேய்க்காதீர்கள். வாத்து விட்டால் நத்தையைத் தின்று குறைக்கும். தாடை வீங்கிய ஆட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் கொடுங்கள். ஈரலில் நீர்க்கட்டி இருந்தால் நாய்க்குத் தூக்கிப் போடாதீர்கள். அந்தக் கட்டியில் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சு. நாயின் குடலில் வளர்ந்து, அதன் முட்டைகள் மூலம் மனிதரின் ஈரலிலும் அதே கட்டியை உண்டாக்கும். ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.

அப்படியானால் நாமும் வருடாவருடம் ஈரல் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

இந்தப் புழுவுக்காக எடுக்கத் தேவையில்லை. ஆனால், காரணம் தெரியாத அரிப்பு, அடர்நிறச் சிறுநீர், வெளுத்த மலம், கண் மஞ்சள் என்று எது வந்தாலும், கீழாநெல்லி சாப்பிட்டுப் பார்ப்போம் என்று வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போய் ஒரு ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். ஈரல் தானாகச் சொல்லாது. நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.